கட்டணத் தள்ளுபடி யாருக்குச் சேர வேண்டும்? அமெரிக்க ஓய்வூதிய நிதி வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மாநில, நகராட்சி ஓய்வூதிய நிதிகளின் வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

ஆசிரியர்கள், தீயணைப்பு வீரர்கள், நூலகர்கள், பேருந்து ஓட்டுநர்கள் என்று எத்தனையோ பேரின் முதுமைக்கான பணம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, வணிகக் கட்டடக் கடன்களைத் திரட்டி வெளியிடப்படும் பத்திரங்களில் போடப்பட்டிருக்கிறது. சந்தையில் இவற்றை சி.எம்.பி.எஸ். என்பார்கள். இக்கடன்கள் சிக்கலில் விழும்போது அவற்றைக் கையாள்வதற்கென்று வசூலிக்கப்படும் கட்டணங்களைப் பற்றித்தான் இம்மடல். அந்தக் கட்டணத்தில் ஒரு தள்ளுபடி மறைந்திருக்கக்கூடும் என்று வெளியீட்டு ஆவணங்களே சொல்கின்றன. அது அக்கடன்களை வைத்திருக்கும் டிரஸ்டுக்கு, அதன் வழியாக உங்கள் உறுப்பினர்களுக்கு, வந்து சேர வேண்டிய பணம். அதை நீங்கள் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே எழுதுகிறேன்.

இப்பத்திரங்களின் மாத அறிக்கைகளைப் படித்துக் கணக்கிடுவது என் தொழில். நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரியும் தமிழர்கள் உங்கள் நிதிகளில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும் பணம் எங்கே போகிறது என்பதை அவர்கள் தங்கள் மொழியில் படித்துத் தெரிந்துகொண்டு, உங்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே முதலில் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வரும்.

அவர்களுக்காக அடிப்படையைச் சற்று விளக்கிவிடுகிறேன். கடைவளாகம், அலுவலகக் கட்டடம், ஓட்டல், குடியிருப்பு வளாகம் ஆகியவற்றின் மீது கொடுத்த கடன்களை ஒரு டிரஸ்டுக்குள் வைத்து, அந்த டிரஸ்டின் பேரில் அடுக்கடுக்காகப் பத்திரங்கள் விற்கப்படுகின்றன. வரும் பணம் மேலடுக்குக்கு முதலில் போகும். நட்டம் வந்தால் கீழடுக்கு முதலில் தாங்கும். தவணை ஒழுங்காக வரும்வரை மாஸ்டர் சர்வீசர் என்ற நிறுவனம் வசூலித்துப் பிரித்துக்கொடுக்கும். தவணை தவறினாலோ, தவறப்போவது தெரிந்தாலோ, கடன் ஸ்பெஷல் சர்வீசர் என்ற வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போகும். வட்டியைக் குறைப்பதா, காலத்தை நீட்டிப்பதா, கட்டடத்தைக் கைப்பற்றி விற்பதா என்று முடிவெடுப்பது அந்த நிறுவனம். எல்லா அடுக்குக்காரர்களின் நலனையும் ஒருசேர வைத்துப் பார்த்து, இன்றைய மதிப்பில் எது அதிகப் பணத்தை மீட்டுத்தருமோ அதையே செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்துகிறது.

அந்த வேலைக்கான கூலி பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஏறத்தாழ ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். கடன் கையில் இருக்கும் காலமெல்லாம் நிலுவை அசலில் ஆண்டுக்கு 0.25 சதவீதம். கடனைச் சீரமைத்து, கடன்காரர் புதிய நிபந்தனைப்படி தொடர்ந்து மூன்று மாதத் தவணை கட்டிவிட்டால், அதற்குப் பிறகு வரும் அசல், வட்டி எல்லாவற்றிலும் 1 சதவீதம். சீரமைக்காமல் விற்று முடித்தால், கைக்கு வந்த தொகையில் 1 சதவீதம். இவை தவிர நீட்டிப்புக்கு ஒரு கட்டணம், ஒப்புதலுக்கு ஒரு கட்டணம், தாமதக் கட்டணம், அபராத வட்டி.

10 கோடி டாலர் கடன் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆண்டுகள் ஸ்பெஷல் சர்வீசரிடம் இருந்தால் 5 லட்சம் டாலர். பிறகு கட்டடம் 6 கோடிக்கு விற்றால் மேலும் 6 லட்சம். அதே கடனை விற்காமல் காலநீட்டிப்புச் செய்து, ஆண்டுக்கு 5 சதவீத வட்டி வந்துகொண்டிருந்தால் ஆண்டுதோறும் 50,000 டாலர், கடைசியில் அசல் முழுதும் திரும்பினால் 10 லட்சம். முடிவெடுக்காமல் மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளினால், அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் இன்னும் ஏறத்தாழ இரண்டரை லட்சம். இதில் எந்தக் கட்டணமும் விரைவாக முடித்ததற்காகவோ, எதிர்பார்த்ததைவிட அதிகம் மீட்டதற்காகவோ தரப்படவில்லை. 2008 நெருக்கடிக்குப் பின் வந்த ஒப்பந்தங்கள் பலவற்றில் 1 சதவீதக் கட்டணங்களுக்கு ஒரு கடனுக்கு 10 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதே ஒப்பந்தங்களில் கீழ்வரம்பும் நுழைந்தது. மாதத்துக்குக் குறைந்தது 3,500 அல்லது 5,000 டாலர் என்று எழுதியிருப்பார்கள். 50 லட்சம் டாலர் கடனுக்கு 0.25 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 12,500 டாலர்தான். 3,500 டாலர் கீழ்வரம்பு அதை 42,000 ஆக்கிவிடுகிறது.

இப்பணமெல்லாம் டிரஸ்டுக்கு வரும் வசூலிலிருந்து, உங்கள் பங்கு பிரிக்கப்படுவதற்கு முன்பே, எடுத்துக்கொள்ளப்படுகிறது. குறைவது கீழடுக்கின் பங்குதானே என்று உங்கள் முதலீட்டு மேலாளர் சொல்லியிருப்பார். அந்தச் சமாதானத்தைப் பிற்பாடு பார்க்கிறேன்.

முதலில் நியமனம். ஸ்பெஷல் சர்வீசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை டிரஸ்டின் மிகப்பெரும் பகுதியை வைத்திருக்கும் உங்களிடம் இல்லை. கீழடுக்கை வாங்கியவரிடம் இருக்கிறது. முதல் நட்டம் அவருடையது, ஆகவே கடிவாளமும் அவரிடம் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் பொருளும் உண்டு. ஆனால் கீழடுக்கை வாங்குபவரும் ஸ்பெஷல் சர்வீசரும் பல டிரஸ்டுகளில் ஒரே குழுமத்தைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள். குழுமத்தின் ஒரு கை நியமிக்கிறது, மறு கை கட்டணம் வாங்குகிறது. ஒரே குழுமமாக இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு வெளியீட்டு ஆவணத்தின் பின்பகுதியைப் பாருங்கள். தன்னை நியமித்ததற்கும் பதவியில் வைத்திருப்பதற்கும் கைம்மாறாக, ஸ்பெஷல் சர்வீசர் தன் கட்டணத்தில் தள்ளுபடியோ வருவாய்ப் பங்கோ கட்டுப்பாட்டு அடுக்கின், அதாவது நியமன உரிமையுள்ள கீழடுக்கின், உரிமையாளருக்கு அளிக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்னும் பொருள்பட ஒரு வாக்கியம், ஆவணத்துக்கு ஆவணம் சற்றே மாறி, வந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு, எந்தக் கடனில், யாருக்கு என்று அதில் இராது.

அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் வாரியத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 0.25 சதவீதமும் 1 சதவீதமும் இந்தக் கடினமான வேலைக்கு அவசியமான விலை என்றுதான் உங்களிடம் விற்கப்படுகிறது. அந்த விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்த பின்னும் நிறுவனத்துக்குக் கட்டுபடியாகும் என்றால், அவசியமான விலை அதைவிடக் குறைவு என்றுதான் பொருள். ஊர்த் தேரைப் பழுதுபார்க்க எல்லா வீட்டிலும் வரி வசூலித்து, தச்சரைப் பேசி அமர்த்திய ஒருவருக்கு மட்டும் தச்சர் தம் கூலியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தால், அது ஊர்ப்பணம் என்று பஞ்சாயத்தில் யாரும் வாதாட வேண்டியதே இல்லை. இங்கே வரி கட்டியவர்களில் உங்கள் ஆசிரியர்களும் தீயணைப்பு வீரர்களும் இருக்கிறார்கள்.

புதிய ஒப்பந்தங்களில் இது முற்றிலும் கண்டுகொள்ளப்படாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரகு, காப்பீடு, சொத்துரிமைக் காப்பு போன்றவற்றில் ஸ்பெஷல் சர்வீசரோ அதன் இணை நிறுவனங்களோ பெறும் தொகைகளை மாத அறிக்கையில் வெளியிட வேண்டும் என்ற பிரிவு வந்திருக்கிறது. வங்கிச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் 2016 டிசம்பரில் சி.எம்.பி.எஸ்.க்கு நடைமுறைக்கு வந்த இடர்ப்பங்கு விதிகள் (பத்திரத்தை உருவாக்குபவரோ கீழடுக்கை வாங்குபவரோ நட்ட இடரில் ஒரு பங்கைத் தம்மிடமே வைத்திருக்க வேண்டும் என்பவை), கீழடுக்கை வாங்கும் மூன்றாம் தரப்பினர் அந்த இடரைச் சுமக்கும் டிரஸ்டுகளில் தனி ஆலோசகர் ஒருவரைக் கட்டாயமாக்கின. ஸ்பெஷல் சர்வீசர் தன் கடமையில் தவறினால் அதை மாற்றுமாறு அவர் பரிந்துரைக்கலாம். இவை பயனுள்ளவை. ஆனால் நியமித்தவருக்குப் போகும் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் கடன்வாரியாக விடை தருவதில்லை.

ஒப்பந்தத்தின் ஒரு வாக்கியம் எவ்வளவு பணத்தைத் திசைதிருப்பும் என்பதற்கு நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் டவுன் வழக்கு போதும். மன்ஹாட்டனில் 11,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பு 2006இல் 540 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. முதல் அடமானக் கடன் மட்டும் 300 கோடி. அது ஐந்து டிரஸ்டுகளில் பிரித்துப் போடப்பட்டது. வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து வீடுகளை விலக்கியது சட்டவிரோதம் என்று 2009இல் நியூயார்க் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது, சொத்துவிலை ஏற்கெனவே சரிந்திருந்தது, 2010 ஜனவரியில் கடன் தவறியது. உங்களில் சிலருக்கு இது நன்றாக நினைவிருக்கும். கலிபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி உரிமையாளர் பங்காகப் போட்டிருந்த 50 கோடி டாலரும் புளோரிடா மாநில நிதியின் 25 கோடியும் அங்கேதான் கரைந்தன.

ஸ்பெஷல் சர்வீசராக இருந்த சி.டபிள்யூ. கேப்பிட்டல் அவசரப்பட்டு விற்கவில்லை. காத்திருந்தது, 2014இல் சொத்தைத் தன் பொறுப்புக்குக் கொண்டுவந்தது, 2015இல் 530 கோடி டாலர் அளவுக்கு விற்றது. டிரஸ்டுகளின் கடன் மீண்டது. அது உண்மையான சாதனை, மறுக்கமாட்டேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஏறிய அபராத வட்டி ஒப்பந்தப்படி தன் கூலியில் சேரும் என்று 50 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை அந்நிறுவனம் கோரியது. அது விற்பனை லாபம், ஆகவே பத்திரக்காரர்களுக்கே உரியது என்று அப்பலூசா என்ற முதலீட்டு நிறுவனம் வழக்காடியது. பின்னர் நியூயார்க் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஒப்பந்த வாசகத்தைப் பிரித்துப் படித்து, ஸ்பெஷல் சர்வீசர் பக்கம் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்தைக் குறைகூற எனக்கு எதுவும் இல்லை. எழுதியிருந்ததைப் படித்துத் தீர்ப்புச் சொன்னது. என் கேள்வி உங்களுக்கு. அந்த வாசகம் எழுதப்பட்ட 2007இல் அந்த டிரஸ்டுகளின் மேலடுக்குகளை வாங்கியவர்களில் யாராவது அந்தப் பக்கத்தைப் படித்தார்களா? அபராத வட்டிக்கு ஒரு வரம்பு போடுங்கள், இல்லாவிட்டால் வாங்கமாட்டோம் என்று ஒரே ஒரு பெரிய நிதி சொல்லியிருந்தால், வெளியீட்டாளர் மறுபேச்சில்லாமல் மாற்றியிருப்பார். மேலடுக்கு விற்காமல் ஒரு டிரஸ்டும் பிறக்காது. அந்த வலிமை அன்றும் உங்களிடம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இனி, கீழடுக்குதானே தாங்குகிறது என்ற சமாதானம். மன்ஹாட்டனில் பிராட்வே 1740 என்ற அலுவலகக் கட்டடம் 2014இல் ஏறத்தாழ 60 கோடி டாலருக்கு வாங்கப்பட்டது. அதன்மீதான 30.8 கோடி டாலர் கடன் தனி டிரஸ்டாகப் பத்திரமாக்கப்பட்டது. பெரிய வாடகைதாரர் காலிசெய்தார், கடன் ஸ்பெஷல் சர்வீசரிடம் போனது, 2024இல் கட்டடம் 18.6 கோடி டாலர் அளவுக்கு விற்றது. வந்த பணத்தில் கட்டணங்களும், கடன்காரர் கட்டாதபோது சர்வீசர் முன்கூட்டிப் போட்டிருந்த தொகைகளும் முதலில் கழிந்தன. கீழிருந்த ஐந்து அடுக்குகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. உச்சத் தரமதிப்பான மும்மை ஏ பெற்ற மேலடுக்குக்காரர்களுக்குப் போட்டதில் நான்கில் மூன்று பங்குகூடத் திரும்பவில்லை. நெருக்கடிக்குப் பிந்தைய பத்திரங்களில் மும்மை ஏ அடுக்கு நட்டப்பட்டது அதுவே முதல் முறை. கழிந்ததில் பெரும்பகுதி முன்பணத் திருப்பம்தான், கட்டணம் சிறுபகுதியே. ஆனால் நட்டம் மேலடுக்கை எட்டிய பிறகு, கட்டணமாகக் கழியும் ஒவ்வொரு டாலரும் மேலடுக்கின் டாலர்.

அலுவலகக் கடன்கள் இன்று இருக்கும் நிலையில் இது ஒற்றை நிகழ்வாக நிற்கும் என்று நம்ப முடியாது. கடன் தரவுகளைத் தொகுக்கும் டிரெப் நிறுவனத்தின் கணக்குப்படி, அலுவலக சி.எம்.பி.எஸ். கடன்களில் தவணை தவறியவை 2024 டிசம்பரில் 11 சதவீதத்தை எட்டின. 2012இன் உச்சத்தைவிட அதிகம்.

இன்றைய சிக்கல்களில் பெரும்பகுதி வேறு வகையானது என்பதால் கட்டண அமைப்பு இன்னும் பொருந்தாமல் போகிறது. வட்டி தாழ்ந்திருந்த 2014, 2015, 2016ஆம் ஆண்டுகளில் பத்தாண்டுக் கெடுவில் எடுத்த கடன்கள் 2024 முதல் அடுத்தடுத்து முதிர்கின்றன. இடையில் 2022 மார்ச்சில் ஏறத்தாழ பூச்சியத்தில் இருந்த மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலைக்குள் 5.25 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. பத்தாண்டும் ஒரு தவணைகூடத் தவறாத கடன்காரர், முதிர்வு நாளில் முழு அசலையும் புதுக்கடன் எடுத்து அடைக்க முடியாமல் நிற்கிறார். அவருக்குத் தேவை ஓராண்டோ இரண்டாண்டோ அவகாசம். டிரஸ்டுகளின் வரிச் சலுகை விதிகள் காரணமாக, கடன் தவறியிருந்தாலோ தவறும் நிலையில் இருந்தாலோதான் பெரிய மாற்றம் எதையும் எளிதாகச் செய்ய முடியும். எனவே கடன் ஸ்பெஷல் சர்வீசரிடம் போகிறது. மதிப்பீடு, சில பேச்சுவார்த்தை, நீட்டிப்பு. பிறகு மூன்று தவணை, உடனே எதிர்காலத்தில் வரும் எல்லா வசூலிலும் 1 சதவீதம். அந்த ஸ்பெஷல் சர்வீசர் பிற்பாடு பதவியிலிருந்து நீக்கப்பட்டாலும், தான் சீரமைத்த கடன்களின் 1 சதவீதம் அதற்குத் தொடர்ந்து போகும். நான்கைந்து ஆண்டு வழக்காடி, பாழடைந்த கடைவளாகத்தைக் கைப்பற்றி, செப்பனிட்டு, வாடகைக்கு ஆள்பிடித்து விற்பதற்குக் கொடுக்கும் விகிதத்தையே இதற்கும் கொடுக்கிறோம்.

இந்த வேலையைச் செய்பவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. 2020 ஜூனில் ஓட்டல்கள் மூடிக் கிடந்தபோது, தவணை தவறிய கடன்கள் 10 சதவீதத்தைத் தாண்டியபோது, ஒரே மேலாளர் கணக்கற்ற கோப்புகளைச் சுமந்து இரவும் பகலும் உழைத்ததை இத்துறையில் இருக்கும் எல்லாரும் அறிவோம். நல்ல ஆண்டுகளில் கடன்கள் வராது, ஆனால் அனுபவமுள்ள ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. அதற்கான செலவு கட்டணத்தில் இருக்கத்தான் வேண்டும். கட்டணமே கூடாது என்று சொல்பவனல்லன் நான். கூலி வேலையைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும், தள்ளுபடி இருந்தால் கூலி கொடுத்தவருக்கே திரும்ப வேண்டும் என்கிறேன்.

உங்களுக்கு இருக்கும் அதிகாரம் சிறிதல்ல. கட்டடங்களின் மதிப்பு இறங்கி, கீழடுக்கு தன் கட்டுப்பாட்டு உரிமையை இழந்த பிறகு, பல ஒப்பந்தங்களில் 25 சதவீத வாக்குரிமை கொண்டவர்கள் சேர்ந்தால் ஸ்பெஷல் சர்வீசரை மாற்ற வாக்கெடுப்புக் கோரலாம். இடர்ப்பங்கு விதிகளின்கீழ் ஆலோசகர் பரிந்துரைத்தால் 20 சதவீத வாக்கு வந்தாலே கூட்டம் செல்லும், அதில் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூவராவது இருந்தால் போதும். எழுத்தில் கேள்வி கேட்கும் வசதியும் ஒப்பந்தத்தில் தரப்பட்டிருக்கிறது. இவ்வளவு இருந்தும் இவை அரிதாகவே பயன்படுகின்றன. பத்திரங்கள் வாங்கியவர் பெயரில் இல்லாமல் வைப்பகத்தின் பெயரில் இருப்பதால் பக்கத்து அடுக்கை யார் வைத்திருக்கிறார் என்றே ஒருவருக்கொருவர் தெரியாது. வாக்கெடுப்பைக் கோருபவரே அதன் செலவையும் ஏற்க வேண்டும். தனி முதலீட்டு மேலாளர் ஒருவருக்கு அந்தச் செலவும் உழைப்பும் கட்டுபடியாகாது. பல மாநில நிதிகள் சேர்ந்தால் நிச்சயம் கட்டுபடியாகும். ஒரே டிரஸ்டின் மேலடுக்கில் உங்களில் நான்கு பேர் இருந்தும் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம். முதலில் உங்களுக்குள் அந்தப் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

தனிக்கட்டட டிரஸ்டுகளில் பெரும்பாலானவை பொதுப்பதிவு இல்லாமல், தகுதிபெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் விற்கப்படுகின்றன. அவற்றின் ஆவணங்களை உங்கள் உறுப்பினர் ஒருவர் தேடினாலும் படிக்கக் கிடைக்காது. உங்களுக்குக் கிடைக்கும். அவர்களுக்காக அதைப் படிக்கக்கூடிய இடத்தில் நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த வாரியக் கூட்டத்துக்கு முன், சி.எம்.பி.எஸ். வாங்கும் ஒவ்வொரு மேலாளரிடமும் எழுத்தில் விடை கேளுங்கள்: நாம் வைத்திருக்கும் டிரஸ்டுகளில் சென்ற ஆண்டு ஸ்பெஷல் சர்வீசர்களுக்குப் போன தொகை, கடன்வாரியாக, கட்டண வகைவாரியாக எவ்வளவு? அவற்றில் எந்தெந்த டிரஸ்டுகளில் நியமித்தவருக்குத் தள்ளுபடியோ வருவாய்ப் பங்கோ போகிறது? மேலாளருக்குத் தெரியாவிட்டால், டிரஸ்டின் கேள்வி வசதி வழியாக ஸ்பெஷல் சர்வீசரையே கேட்டு வரச் சொல்லுங்கள். பதில் மறுக்கப்பட்டால் மறுத்தவரின் பெயரோடு பதிவுசெய்யுங்கள்.

புதிதாக வாங்கும் பத்திரங்களுக்கு, கொடுக்கப்படும் எந்தத் தள்ளுபடியும் டிரஸ்டின் கணக்கில் வரவாக வேண்டும் என்ற ஒரு வரியை நிபந்தனையாக்குங்கள். வெளியீட்டாளர் அந்த வரியைச் சேர்க்க மறுத்தால் அந்த ஒரு வெளியீட்டை விட்டுவிடுங்கள், அடுத்த வாரமே வேறொன்று வரும். தவணை தவறாமல் முதிர்வில் மட்டும் தடுமாறிய கடன்களுக்கு 1 சதவீதம் பொருந்தக் கூடாது என்றும், ஆண்டுதோறும் எடுக்கும் 0.25 சதவீதம் இரண்டாம் ஆண்டிலிருந்து குறைய வேண்டும் என்றும் அதே மூச்சில் கேட்கலாம். ஆனால் முதலில் அந்தத் தள்ளுபடி வரியைப் பெற்றுவிடுங்கள்.

உங்கள் கூட்டங்கள் பெரும்பாலான மாநிலங்களில் திறந்த கூட்டச் சட்டத்தின்கீழ் நடக்கின்றன. மேலாளர்கள் தரும் விடைகளைக் கூட்ட ஆவணங்களோடு சேர்த்து வெளியிடுங்கள். இம்மடலைப் படித்த உறுப்பினர்கள் அவற்றைத் தேடி வருவார்கள்.

உண்மையுடன்,
உங்கள் நிதிகளின் பத்திர அறிக்கைகளைப் படிக்கும் ஒருவன்
நியூ ஜெர்சி